கப்பல் வராத ஊர்

ஆகஸ்டு மாதம் முடியும் தறுவாயில், சிதம்பரத்திற்குத் தெற்கே கடலோர நெடுஞ்சாலை முழுவதும் காவி உடை அணிந்தோர் கூட்டமாய்ச் செல்வதை நம் வாசகர்கள் அறிவார்கள். சிறு தேரில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, செபமாலை சொல்லியவாறு வேளாங்கண்ணிக்கு நடப்போர் அவர்கள். சீர்காழி தாண்டி, திருக்கடையூர் தாண்டி, பொறையாறு வந்ததும் சாலையோரப் பந்தலில் மோர் அருந்தி இளைப்பாறுவார்கள். காரைக்கால் இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரித்துவிட்டு மீண்டும் நடையைக் கட்டுவார்கள். அங்கே இடப்புறமாக ஒரு சாலை பிரிந்து கடலை நோக்கிச் செல்கிறது. அதை ஏறிட்டுப் பார்ப்பவர் அரியர். இளமையில் மூன்று முறை நடந்தும், பின்னர்ப் பேருந்தில் எத்தனையோ முறை சென்றும், நானும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. 'அது அவர்களுடைய ஊர்' என்ற எண்ணம் உள்ளே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சாலை முடியும் இடம் தரங்கம்பாடி.

சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தார் இருபது பேர் ஒரு சிற்றுந்தை அமர்த்திக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். பொறையாறு நெருங்குகையில், அதுவரை வாய் திறவாமல் வந்த எங்கள் சின்னம்மா, "வண்டியைத் தரங்கம்பாடிக்குத் திருப்பச் சொல்லப்பா, எனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது" என்றார்கள். எண்பது வயதைக் கடந்தவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. 1961 முதல் 1963 வரை ஆசிரியப் பயிற்சி பெற்றது அவ்வூரில்தான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்ன வேலை? கேட்டதற்கு விடை இல்லை. வண்டி திரும்பியது.

ஊருக்குள் நுழைகையில் வெள்ளை பூசிய ஒரு கோட்டை வாயில் நம்மை வரவேற்கிறது. 1792-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட அந்த வாயிலைக் கடந்தால், நேரே கடலில் போய் முடியும் அகன்ற வீதி. இரு மருங்கிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களோடு பழைய மாளிகைகள். பெயர் அரசர் வீதி; ஆனால் எந்த அரசரும் அதில் நடந்ததில்லை. டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்டியான் இருந்த இடத்திலிருந்தே இதைத் தம்முடையதாக்கிக் கொண்டார். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. ஓவே ஜெத்தே என்ற இளம் கடற்படைத் தலைவர் வந்து கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். நாயக்கர் டென்மார்க்கு அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் பொறித்து அனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மிளகை நாடி வந்தவர்களுக்குத் தங்கத்தில் மடல்! நம்மவரின் விருந்தோம்பல் எப்போதும் சற்று அளவு மீறியதுதான்.

அதற்கும் முன்பே இங்கு ஊர் இருந்தது. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோவில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுப்பப்பட்டது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. 'அலைகள் பாடும் ஊர், ஆகவே தரங்கம்பாடி' என்று வழிகாட்டி நூல்களில் இன்று படிக்கும் விளக்கம் செவிக்கு இனிமையானதே. ஆனால் சடங்கன்பாடி என்ற பழம்பெயர் இருக்கையில், அந்த இனிமையைப் பிற்காலத்தார் சேர்த்த அணி என்றே நான் கொள்கிறேன். அந்தக் கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள்.

இவ்வூர் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. டென்மார்க்கு நாடு ஐரோப்பியப் போர்களில் சிக்கி நொடித்துப் போனது. 1640-களின் தொடக்கத்திற்குப் பின் 1669 வரை, கால் நூற்றாண்டுக்கு மேல், தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு வரவில்லை. பணம் இல்லை, படை இல்லை, கடிதம் இல்லை. டேனியர் ஒவ்வொருவராக இறந்தனர், அல்லது வேறு கம்பெனிகளில் போய்ச் சேர்ந்தனர். 1655 அளவில் எஞ்சியவர் எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே என்ற ஒருவரே. எழுதப் படிக்க அறியாத கீழ்நிலை ஊழியர் அவர் என்பார்கள். அவர் கோட்டையைக் கைவிடவில்லை. ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். அதற்குப் பொருள், கடலில் போன வங்கக் கப்பல்களைப் பிடித்துச் சேர்த்தது என்பதால் அவரை முழுமனத்தோடு புகழ முடியவில்லை. 1669-இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது, கோட்டையும் கொடியும் இருந்த இடத்திலேயே இருந்தன. வந்தவர்கள் வேறு வழியின்றி அவரையே தலைவராக அமர்த்தினார்கள்.

அந்தக் கால் நூற்றாண்டில் ஒற்றை மனிதருக்குச் சோறு போட்டவர் யார்? மதிலுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர் யார்? கோட்டைக்குள் காவல் நின்றவர் யார்? ஊரார்தாம். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம்.

பின்னர் 1706-இல் வந்தது வேறு வகைக் கப்பல். அதில் வந்தவர்கள் சீகன்பால்கு, புளுச்சோ என்ற இரு ஜெர்மானிய இளைஞர்கள். டென்மார்க்கு அரசர் அனுப்பிய லுத்தரன் சபைக் குருக்கள். டேனிய அதிகாரிகளுக்கே அவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்கு நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். ஆனால் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றவர் அவர். 1707-லேயே பெண் குழந்தைகளுக்கென்று பள்ளி வைத்தார். 1713-இல் தமிழ் அச்சு தொடங்கியது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தமையால் காகிதம் போதவில்லை. ஆகவே பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகித ஆலையும் வைத்தார்கள். எழுத்து வார்ப்பதற்கு ஈயம் கிடைக்காமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு.

தமிழில் முதல் அச்சு நூல் இதுவே என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆயினும் நாம் அதிகம் பெருமை கொள்வதற்கில்லை. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரொயென்சா அடிகளாரின் அகராதிக்குப் பிறகு நம்மவரின் தமிழ் அச்சு ஓய்ந்து கிடந்தது. ஓய்ந்ததை எழுப்பியவர்கள் தரங்கம்பாடியார்.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சீகன்பால்கு 1708-இல் தம்மிடமிருந்த தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். அதில் கத்தோலிக்கர் எழுதிய நூல்களும் இடம் பெற்றன. தமிழில் கிறிஸ்தவச் சொற்களை அவர் அவற்றிலிருந்தும் கற்றார். மறுபுறம் நம் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை எதிர்த்துக் கடுமையாகவே எழுதினார். 1728-இல் எழுதிய 'வேத விளக்கம்' அதற்காகவே எழுந்தது. 'லுத்தேரினத்தியல்பு' என்ற நூலின் பெயரே அதன் போக்கைச் சொல்லும். இரு தரப்பிலும் சொற்கள் சூடாகவே பறந்தன. பத்தே ஆண்டுகளில், 1738-இல், அதே வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறி வெளிவந்தது. எங்கே? தரங்கம்பாடி மிஷன் அச்சகத்தில்! தம்மைச் சாடியவரின் நூலைத் தம் காகிதத்தில், தம் மையில், தாமே அச்சிட்டார்கள். தமிழ் கற்க அதனினும் சிறந்த துணை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணமாயிருக்க வேண்டும். நல்ல இலக்கணம் நல்ல இலக்கணம்தானே! அச்சுக்கோத்த கைகளுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாமலா இருந்திருக்கும்?

நிற்க. ஊரின் பிற்கால வரலாறு விரைவில் சொல்லி முடிக்கத் தக்கது. இழப்புகளின் பட்டியல் அது. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் ஆங்கிலக் கம்பெனிக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாய் இருந்தது. 1860-இல் அதுவும் தஞ்சைக்குப் போயிற்று. தமிழின் முதல் நாவலைத் தந்த நம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவியில் முதலில் அமர்ந்தது இங்கேதான் என்பது நமக்கு ஓர் ஆறுதல். பின்னர் அவரும் சீர்காழிக்கும் மாயவரத்திற்கும் மாறிப் போனார். நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்ததும் எஞ்சிய வாணிபமும் அங்கே சென்றது. 1926-இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் இரயில் போட்டார்கள். 1986-இல் அதை நிறுத்தினார்கள்.

அந்த இரயிலைப் பற்றிச் சின்னம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்கள். மாயவரம் சந்திப்பில் தகரப் பெட்டியோடு ஏறினால், சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தை ஆடி அசைந்து கடக்குமாம். வயல்வெளிகளில் அறுவடை செய்வோர் கையசைப்பார்களாம். திருக்கடையூரில் அறுபதாம் கலியாணத்திற்கு வந்த கூட்டம் இறங்கியதும் பெட்டி காலியாகிவிடும். அதன் பிறகு காற்றில் உப்பு வாசம் ஏறும். புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய் மட்டுமே கண்டு வளர்ந்த பெண், முதல் இரவு அலையோசைக்கு அஞ்சி உறங்கவில்லையாம். அந்த இரயில் ஓடிய தடத்தைச் சாலையில் நின்று தேடினார்கள். தண்டவாளம் எப்போதோ பெயர்க்கப்பட்டுவிட்டது.

நாங்கள் கடற்கரைக்குச் சென்றபோது காலை ஏழு மணி. படகுகள் கரையேறி, ஏலம் நடந்து கொண்டிருந்தது. மணலில் குவித்த மீனைச் சுற்றிப் பெண்கள் நின்று விலை கேட்கிறார்கள். ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் ஏற்றிக்கொண்டே போகிறார். ஒரு தலையசைப்பில் முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியில் கூடைகள் நிரம்பி, பொறையாற்றுச் சந்தைக்கு ஆட்டோ ஏறுகின்றன. ஆண்கள் வலையை விரித்துக் கிழிசலைத் தைக்கிறார்கள். வாடைக் காற்று எப்போது திரும்பும், கச்சான் எப்போது விழும் என்பதே அங்கே பேச்சு. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். அந்நாட்களில் அடகுக் கடைக்கு நடக்கும் கால்கள் பல என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊர் வழக்குகளை இன்றும் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்தாரே தீர்க்கிறார்கள். அரசர் வீதியில் பள்ளி மணி அடிக்கிறது. சற்றுத் தள்ளிப் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு கேட்கிறது. டேனியரின் ஆளுநர் மாளிகையை டென்மார்க்கு தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு அழகாய்ப் புதுப்பித்திருக்கிறார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது.

நெத்திலிக் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் வீடு எங்கே என்று கேட்டேன். மேற்கே கை காட்டினார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையை நம் குடும்பங்களில் மறக்கக் கூடியவர் யார்? வேளாங்கண்ணியில் திருப்பயணிகளை வாரிக்கொண்ட அதே அலை இங்கும் மீனவர் குப்பங்களை வாரிக்கொண்டு போயிற்று. பின்னர்க் கடலை விட்டு விலகி உள்ளே தள்ளிக் காங்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள்.

"வீடு நல்ல வீடுதாங்க ஐயா, குறை சொல்லக் கூடாது. ஆனா அங்கேருந்து கடல் தெரியாது. படகு எந்த நேரம் திரும்புதுன்னு வாசல்ல நின்னு பார்க்க முடியாது. விடியக்காலம் எழுந்து இங்கே வந்து உக்காந்துக்கிறேன்" என்றார் அவர்.

"கடலைப் பார்க்கப் பயமில்லையா அம்மா?"

"பயந்தாங்க. பார்க்காம இருந்தா அதுக்கு மேல பயம்."

புதுப்பித்த மாளிகைகள் பலவற்றில் இரவில் விளக்கெரிவதில்லை. வாழ்பவர்களோ தள்ளிப் போய்விட்டார்கள். பழங்கட்டடங்களைக் காப்பது நற்செயலே, நான் மறுக்கவில்லை. ஆனால் கடலோரத்தில் நிற்க உரிமை கட்டடத்திற்கு இருக்கிறது, மீனவருக்கு இல்லை என்பது போல் ஆகிவிட்டால், 'ஊர்' என்ற சொல் எதைக் குறிக்கும்?

சின்னம்மா அதற்குள் பொறுமை இழந்துவிட்டார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அரசர் வீதியில் நடந்து, புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நின்றார்கள். 1718-இல் அர்ச்சிக்கப்பட்ட லுத்தரன் ஆலயம் அது. மறு ஆண்டே இறந்த சீகன்பால்குவின் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. "இந்தக் கேட்டுக்கு வெளியிலேதான் நின்றேன்" என்றார்கள். அப்போதுதான் கதை வெளிவந்தது.

உடன் பயின்ற தோழி ஒருத்தி, அவ்வூர் லுத்தரன் உபதேசியாரின் மகள். வஞ்சிரம் எது, வாளை எது, கிழங்கான் எது என்று மீன் பேதம் கற்றுக் கொடுத்தவள். தன் வீட்டுச் சோற்றில் பாதியை இரண்டு ஆண்டும் பகிர்ந்தவள். 1963 மே மாதத்தில் அவளுக்கு இந்த ஆலயத்தில் திருமணம். வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தாள். 'பதிதர்' கோவிலுக்குள் காலடி வைப்பது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டிய பாவம் என்றுதான் அக்காலத்தில் நம் எல்லார் வீடுகளிலும் கற்பித்திருந்தார்கள். ஆகவே கத்தோலிக்கப் பெண்கள் நால்வர் வாயிற்கதவு வரை வந்து, புதுச் சேலையோடு வெயிலில் நின்றார்கள். உள்ளே பாட்டு ஒலித்தது. பாதிப் பாட்டு இவர்களுக்கும் தெரிந்ததுதான். மணமுடித்து வெளியே வந்தவள் இவர்களைக் கண்டாள். கணவரின் கையை விட்டுவிட்டு, மாலையோடு வாசல் வரை தானே நடந்து வந்து, நால்வர் கையிலும் சீனியும் வாழைப்பழமும் கொடுத்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"திட்டியிருந்தால் மறந்திருப்பேன்" என்றார்கள் சின்னம்மா.

கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய வத்திக்கான் சங்கத்தின் ஏடு 1964 நவம்பரில் வெளிவந்தது. ஒன்றரை ஆண்டுத் தாமதம். 1999-இல் லுத்தரன் சபையாரும் நம் திருச்சபையும் மீட்பைப் பற்றிய பழைய சச்சரவில் ஒரு கூட்டறிக்கையும் வெளியிட்டார்கள். தோழியோ கணவரோடு வடக்கே சென்றுவிட்டார். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அவர் இறந்துவிட்ட செய்தி மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் சின்னம்மாவுக்குத் தெரிந்ததாம்.

ஆலயத்தைக் காப்பவர் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். சின்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார்கள். பீடத்தை நோக்கிச் சிறிது நேரம் நின்று, "மணப்பெண் எந்தப் பக்கம் நிற்பாள்?" என்று கேட்டார்கள். அவர் காட்டிய பக்கத்தில் ஒரு பெஞ்சியில் அமர்ந்து, பையிலிருந்து செபமாலையை எடுத்து வாய்விட்டே சொல்லத் தொடங்கினார்கள். லுத்தரன் ஆலயத்தில் 'அருள் நிறைந்த மரியே'! எனக்குச் சங்கடமாகி அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஐம்பத்து மூன்று மணி முடியும் வரை கதவோரம் நின்றார்.

வெளியே வந்ததும் சின்னம்மா கருவாட்டுக்காரம்மாவிடம் அரைக் கிலோ நெத்திலி வாங்கினார்கள். விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வெகுநேரம் வாதாடினார்கள்; குறையவில்லை. காரைக்கால் தாண்டும் வரை வண்டியில் கருவாட்டு வாசனை. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு சன்னல்களைத் திறந்தார்கள். சின்னம்மா நன்றாக உறங்கிவிட்டார்கள்.